பாலை கடந்த நீர்க்கலம்

வழிநடைக்கு இன்றியமையாத பொருள் யாது என்று நம் பாட்டிமாரைக் கேட்டால், கட்டுச்சோற்றுக்கும் முன்னே தண்ணீரைத்தான் சொல்லுவர். துறவி கமண்டலத்தை ஏந்தினான். உழவன் சுரைக்குடுக்கையைத் தோளில் மாட்டினான். இருப்புப்பாதை வந்தபின் குடும்பத்தினர் திருகுமூடியிட்ட பித்தளைக் கூஜாவைச் சுமந்தனர். இவையெல்லாம் சிறிய கலங்களே. நம் நாட்டில் வழிதோறும் ஊரும், ஊர்தோறும் கிணறும், கோடையில் தண்ணீர்ப்பந்தலும் இருந்தமையால் சிறிய கலமே போதியதாயிற்று. வழிப்போக்கனது தாகத்தின் பாதியை ஊரார் சுமந்தனர் எனலாம்.

கிணறும் பந்தலும் இல்லாத பெருமணற்பரப்பில் அவ்வாறு இல்லை. அங்கே அடுத்த கிணறுவரை வேண்டிய நீர் முழுவதையும் பயணி தானே கொண்டு செல்லல் வேண்டும். மாணவர்களே, அரசர்களையும் போர்களையும் பற்றிப் பாடநூல்களில் நிரம்பப் படிக்கின்றீர்கள். அப்போர்களில் ஒன்றின் போக்கையே மாற்ற உதவிய ஒரு தகரக்கலத்தின் வரலாற்றை இன்று கேளுங்கள்.

சகாரா பாலைவனத்தில் பல நூற்றாண்டுகளாக ஆட்டுத்தோற்பையே நீர்க்கலமாக விளங்கியது. தோலின் நுண்துளைகள் வழியே சிறிது நீர் கசிந்து ஆவியாகும். அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும். நம் வீட்டு மண்பானையின் தத்துவமும் இதுவே. ஆயினும் குளிர்ச்சிக்கு விலையாக நீரில் ஒரு பகுதி நாள்தோறும் குறைந்துகொண்டே போகும். ஒட்டகத்தின் மெதுவான நடைக்கு ஏற்ற கலம் அது. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி பாலையில் நுழைந்தபோது இரண்டு புதிய இடர்கள் தோன்றின. ஒன்று, வண்டியின் குலுக்கலுக்கும் வெப்பத்துக்கும் பழைய கலங்கள் தாங்கவில்லை. மற்றொன்று, மனிதனோடு சேர்ந்து இயந்திரமும் தண்ணீர் கேட்டது.

இரண்டாவது இடருக்குத் தீர்வு கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1929-ஆம் ஆண்டு தொடங்கி அவரும் நண்பர்களும் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களில் நெடும்பயணங்கள் செய்தனர். கடும் வெயிலில் காரின் ரேடியேட்டர் நீர் கொதித்து ஆவியாய் வெளியேறிவிடும். குடிநீரை எடுத்து அதில் ஊற்ற வேண்டிய நிலை. பாக்னால்ட் குழுவினர் ஆவி வெளியேறும் வழியை அடைத்து, அதைக் குழாய் மூலம் வண்டியின் பக்கத்தில் பொருத்திய ஒரு நீர்க்கலத்துக்குச் செலுத்தினர். ஆவி அங்கே குளிர்ந்து நீராயிற்று. எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரில் உண்டாகும் வெற்றிடம் அந்நீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீங்கள் காணும் ஆவியாதலும் குளிர்தலும் அங்கே மனித உயிரைக் காத்தன.

மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்கு வேறு வகையான தொல்லை. அக்காலத்து மோட்டார் சைக்கிள்களுள் பெரும்பாலானவற்றின் எஞ்சினைக் காற்றே குளிர்விக்கும். ஆகவே இயந்திரத்துக்கு நீர் வேண்டியதில்லை. ஆனால் ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். இருவர் சில நாள் குடிக்க வேண்டிய நீரே ஓர் ஆளின் எடையை எட்டிவிடும். இரண்டு சக்கரங்கள் இதைச் சுமந்து மணலில் உருள்வது எங்ஙனம்? இவ்வினாவை நேரில் எதிர்கொண்டவர்கள் தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரான் என்னும் இரு பெண்மணிகள். 1934 டிசம்பர் 11 அன்று இவர்கள் லண்டனை விட்டுப் புறப்பட்டனர். 600 சி.சி. ஆற்றலுள்ள பாந்தர் மோட்டார் சைக்கிளோடு பக்கவண்டியொன்றையும், அதன் பின்னே இழுவைவண்டியொன்றையும் பிணைத்துக்கொண்டு, சகாராவைக் குறுக்கே கடந்து, 1935 ஜூலை 29 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரை அடைந்தனர். அவர்களுக்கு அந்த இழுவைவண்டி ஆடம்பரமன்று, உயிர்நிலை. அதுவே பிறகு மணலில் புதைந்து அவர்களை வாட்டியது. நீரில்லாமல் போக இயலாது. நீரோடு போவது எளிதன்று. நெடுவழிப் பயணத்தின் முடிச்சு இதுதான்.

இம்முடிச்சை அவிழ்த்த கலம் ஜெர்மனியில் உருவாயிற்று. 1930-களில் இட்லரின் அரசு போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. விரைந்து முன்னேறும் படைக்கு எரிபொருளும் நீரும் பின்தொடர வேண்டும் என்பதை அதன் படைத்துறையினர் உணர்ந்தனர். 1937 அளவில் வின்சென்ட்ஸ் க்ரூன்ஃபோகல் என்னும் பொறியாளர் 20 லிட்டர் கொள்ளும் ஒரு தகட்டுக்கலத்தை வடிவமைத்தார். அதன் அமைப்பைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள்.

இரண்டு தகடுகளை அச்சிலிட்டுப் பிதுக்கி, ஒரே விளிம்பில் பற்றவைத்தனர். ஆகவே ஒழுகுவதற்கு இடம் குறைந்தது. பக்கங்களில் பெருக்கற்குறி போன்ற பள்ளம் அழுத்தப்பட்டது. அது தகட்டுக்கு வலுவூட்டியதோடு, வெப்பத்தால் உள்ளிருப்பது விரியும்போது இடமும் தந்தது. மேற்புறத்தில் ஒரு காற்றறை அமைந்தமையால் நிறைந்த கலமும் நீரில் மிதந்தது. ஊற்றும்போது காற்று உட்புகத் தனி வழி இருந்தமையால் நீர் குபுகுபுவென்று சிந்தாமல் சீராக விழுந்தது. மூடியோ நெம்புகோல் முறையில் கையாலேயே இறுகப் பூட்டத்தக்கது; புனலும் வேண்டா, ஸ்பானரும் வேண்டா. பிடிகள் மூன்று. நிறைந்த கலத்தை நடுப்பிடியால் ஒருவர் தூக்கலாம். அல்லது இருவர் பக்கப்பிடிகளைப் பற்றிப் பகிர்ந்து சுமக்கலாம். வெற்றுக்கலங்களாயின் ஒரு கையில் இரண்டாக, ஒருவரே நான்கைக் கொண்டு செல்லலாம். குடிநீருக்குரிய கலங்களில் வெள்ளைச் சிலுவைக்குறி தீட்டி, பெட்ரோல் கலங்களினின்று வேறுபடுத்தினர். ஜெர்மானியரின் பக்கவண்டி மோட்டார் சைக்கிள்களும் இக்கலத்தைச் சுமந்து ஆப்பிரிக்க மணலில் ஓடின.

இப்படைமறைவு வெளியுலகை எட்டிய விதம் நம் நாட்டோடு தொடர்புடையது. 1939-ஆம் ஆண்டுக் கோடையில் பால் ப்ளைஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழியே செல்ல ஒரு வண்டியை ஆயத்தம் செய்தார். உடன் வந்தவர் ஒரு ஜெர்மானியப் பொறியாளர். எல்லாம் சித்தமான பின்னரே, இடர்க்காலத்துக்கென்று குடிநீர் வைக்கக் கலமொன்றும் இல்லை என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. அந்த ஜெர்மானியர், டெம்பல்ஹாஃப் விமானநிலையத்தில் சேமித்து வைக்கப்பட்டிருந்த புதிய கலங்களுள் மூன்றை எடுத்து வந்தார். பயணத்தின் இடையில் ஜெர்மன் அரசு விமானம் அனுப்பி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிரியும் முன் அவர் அக்கலத்தின் செய்முறை விவரங்களை ப்ளைஸிடம் கூறிவிட்டார். ப்ளைஸ் தனியே பயணத்தைத் தொடர்ந்து கல்கத்தாவை அடைந்தார். வண்டியை அங்கே விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பினார். பின்னர் அந்த வண்டியும் மூன்று கலங்களும் கப்பலேறி 1940-இல் அவரிடம் போய்ச் சேர்ந்தன. வழித்தாகத்துக்கென எடுத்த மூன்று கலங்கள், ஒரு நாட்டின் போர்மறைவைக் கடல் கடத்திக் கொண்டுபோயின!

இனி நேர்ந்ததே நாம் சிந்திக்கத்தக்கது. ப்ளைஸ் ஒரு கலத்தை வாஷிங்டனுக்கு அனுப்பினார். அங்குள்ள அதிகாரிகள், முதல் உலகப்போர்க் காலத்துத் தங்கள் பழைய கலமே போதும் என்று கருதினர். அதைத் திறக்க ஸ்பானரும், ஊற்றப் புனலும் வேண்டும். பிறகு ஜெர்மன் கலத்தைப் பின்பற்றிச் செய்தபோதும், வடிவையும் பிடிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பற்றவைத்த விளிம்பையும் எளிய மூடியையும் கைவிட்டனர். உடலைக் கண்டவர்கள் உயிரைக் காணவில்லை.

அவ்வேளையில் வட ஆப்பிரிக்கப் பாலையில் பிரிட்டிஷ் படையினர் ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் மெல்லிய தகர டின்களை நம்பியிருந்தனர். ‘ஃபிளிம்சி’, அதாவது நொய்ந்த கலம், என்று படைவீரர்களே அதற்குப் பெயரிட்டனர். லாரியின் குலுக்கலில் அதன் விளிம்புகள் விண்டன. எடுத்துச் சென்ற பெட்ரோலில் 30 விழுக்காடு அளவுக்கு வழியிலேயே வீணாயிற்று எனத் தளபதி ஆக்கின்லெக் மதிப்பிட்டார். தண்ணீருக்கும் இதே டின்கள் பயன்பட்டன. தாகத்தோடு வாய்வைத்தால் பெட்ரோல் நாறும் நீரே கிட்டுவதும் உண்டு. காலி டின்னை வெட்டி, மணலும் பெட்ரோலும் இட்டுத் தேநீர் காய்ச்சும் அடுப்பாக்கினர். அவ்வகையில் மட்டும் அது குறைவின்றி உதவியது. இத்துயரில் நம்மவர்க்கும் பங்குண்டு. 1940 டிசம்பரில் எகிப்துப் பாலையில் நடந்த தாக்குதலில் முன்னின்றது நான்காம் இந்தியக் காலாட்படைப் பிரிவு. சென்னை சாப்பர்ஸ் படையின் ஒரு கம்பெனியும் அப்பிரிவைச் சேர்ந்திருந்தது.

பகைவரிடமிருந்து கைப்பற்றிய கலங்களைக் கண்டபோது பிரிட்டிஷ் வீரர்கள் அவற்றைப் பொன்போல் பேணினர். பாக்னால்ட் 1940-இல் நிறுவிய நெடுந்தூரப் பாலைவனப் படையினரும் அவற்றை விரும்பிப் பயன்படுத்தினர். ஜெர்மானியரை ‘ஜெர்ரி’ என்று அழைப்பது அவர்கள் வழக்கம். அதனால் அக்கலம் ‘ஜெர்ரிகேன்’ ஆயிற்று. பின்னர் பிரிட்டன் அதை அப்படியே பார்த்துச் செய்யத் தொடங்கியது. 1945-இல் ஐரோப்பியப் போர் முடிந்தபோது, நேசநாடுகளின் ஜெர்ரிகேன்கள் 2 கோடிக்கு மேல் அக்கண்டமெங்கும் பரவிக் கிடந்தன. 1944-இல் பிரான்சினூடே தம் படைகள் மின்வேகத்தில் முன்னேறியதற்கு இக்கலங்களே துணை என்று அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் வெளிப்படையாகவே பாராட்டினார்.

கலத்தைப் பற்றிக் கற்றுக்கொண்ட அதே காலத்தில், தாகத்தைப் பற்றியும் மனிதன் கற்றான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து அடால்ஃப் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் பாலைவனத்தில் வீரர்களைக் கொண்டு ஆராய்ந்து, 1947-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். கடும் வெயிலில் உழைப்பவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்கும் வியர்வையை இழக்கக்கூடும். தண்ணீரைச் சொட்டுச்சொட்டாகக் குடித்துச் சிக்கனம் செய்வதால் உடலின் தேவை குறைவதில்லை. நிழலில் தங்கி வியர்வையைக் குறைப்பதே சிக்கனம். மேலும், தாகம் தணிந்தது என்று மனம் சொல்லும்போதும் உடல் இழந்தது முழுவதும் ஈடாவதில்லை. வேகமாக மோட்டார் சைக்கிளில் செல்பவன் இதை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், தான் இழப்பதை அவன் அறியவே மாட்டான். கலத்தில் நீரிருந்தும் குடிக்க மறப்பவனுக்குக் கலத்தால் ஆவதென்ன?

இன்று லடாக் மலைப்பாதைகளில் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கேன்களைக் கட்டிக்கொண்டு இளைஞர் செல்வதைக் காண்கிறோம். 2019-ஆம் ஆண்டு வறட்சியின்போது சென்னைத் தெருக்களில் பிளாஸ்டிக் குடங்கள் தொங்கும் மொபெட்டுகளைக் கண்டோம். நம் வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் கேனும் 20 லிட்டரே. ஓர் ஆள் தூக்கத்தக்க அளவு அது. போருக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி வீடிழந்து முகாமில் தங்குவோர்க்குத் தொண்டு நிறுவனங்கள் முதலில் வழங்கும் பொருள்களுள் ஜெர்ரிகேனும் ஒன்று.

இக்கலம் பிறநாட்டை விழுங்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டது. இன்று நாடிழந்தோரின் தாகம் தீர்க்கிறது. பொருளுக்குத் தனியே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை; ஏந்தும் கையைப் பொறுத்தே அவை அமைகின்றன. ஆனால் அறியாமையின் விலையை என்றும் எளியவனே கொடுக்கிறான். சிறந்த கலம் மேசைமீது இருந்தும், நம்முடையதே போதும் என்று அலுவலகத்தில் ஒருவர் எண்ணினார். அதன் பயனாய், பல்லாயிரம் கல் தொலைவில், முகமறியாப் படைவீரன் ஒருவன் ஒழுகிய டின்னைக் கவிழ்த்துப் பார்த்து நாவறண்டு நின்றான். நாளை நீங்களும் அத்தகைய மேசைகளின் முன் அமர்வீர்கள். எவரேனும் ஓர் எளிய பொருளைக் கொண்டுவந்து உங்கள்முன் வைத்தால், அதைத் திறந்து பாருங்கள், ஊற்றிப் பாருங்கள், தூக்கிச் சிறிது தூரம் நடந்தும் பாருங்கள். அதன் பின்னரே உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.