தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளியின் ஒடுக்கம்: ஜாதி நிர்ணயம் பற்றிய ஒரு சரித்திர ஆராய்ச்சி

சென்னை மாகாணத்தின் வறண்ட ஜில்லாக்களிலே வேலியாகத் தொடங்கிப் புதராக முற்றி, மேய்ச்சல் தரையையும் புறம்போக்கையும் விழுங்கியபின் உழுநிலத்தின் வரப்பைத் தாண்டி உள்ளேயும் புகுந்துவிட்ட சப்பாத்திக்கள்ளி, 1926-ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தன் ஆதிக்கத்தை இழந்து ஒடுங்கியது. அதனை ஒடுக்கியது ஒரு சிறு பூச்சி என்பதும் பலர் அறிந்ததே. ஆயினும், அதே குலத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சி ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாட்டில் கொண்டுவந்து விடப்பட்டிருந்தும், கள்ளிக்காடுகளில் பெரும்பகுதி அழியாமல் நிலைத்து நின்றதற்குக் காரணம் யாது என்னும் வினா தனியே ஆராயத்தக்கதாகும். செடியின் ஜாதியையும் பூச்சியின் ஜாதியையும் பிரித்தறிவதில் நேர்ந்த நீண்ட மயக்கமே அதற்குக் காரணம் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. செடியும் அதன் பேதங்களும்

நம் நாட்டுச் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் கீறினால் பால் வடிப்பவை. யூபோர்பியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளியோ, பாலின்றி வழவழப்பான நீரே கசியும் ஒப்பன்ஷியா என்னும் பேரினத்தது; அமெரிக்கக் கண்டமே அதன் ஜன்மபூமி. ஐரோப்பியரின் கடல் வாணிகம் தழைத்த பிறகே அது கீழைத் தேசங்களை அடைந்தது. ஆடு மாடுகள் அணுகா வேலியென்று குடியானவர்கள் அதை விரும்பி நட்டார்கள். தரையில் விழுந்த ஒவ்வொரு மடலும் தனியே வேர்விட்டதாலும், பழத்தைத் தின்ற பறவைகள் விதைகளைத் தொலைவிடங்களுக்குச் சுமந்து சென்றதாலும், நட்டவரின் சித்தத்தை எதிர்பாராமல் அது பரவிற்று. வெட்டி அடுக்கி எரிப்பதும் குழிதோண்டிப் புதைப்பதுமே அக்காலத்துப் பரிகாரங்கள். முள்ளோடு நுண்சுணையும் கைகளில் ஏறும் அவ்வேலைக்கு ஆட்கூலி மிகுதி. அன்றியும், சிதறிய துண்டுகளில் சில எஞ்சினாலும் மறு பருவத்தில் புதர் மீண்டும் எழுந்துவிடும்.

பொதுமக்களுக்கு ஒன்றாகவே தோன்றிய இச்செடி, தாவர சாஸ்திரிகளின் பார்வையில் ஒன்றன்று. ஒப்பன்ஷியா மோனகாந்தா என்பது அடிமரம் கொண்டு உயர்ந்து வளரும். அதன் மடல்கள் மெல்லியனவாய்ப் பளபளக்கும். முட்கணு ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு முட்களே உண்டு. ஒப்பன்ஷியா தில்லெனி என்பது தாழ்ந்து படரும் புதர். நீலம் பாய்ந்த பசிய மடல்களும், கணுதோறும் கொத்தாக நிற்கும் தட்டையான மஞ்சள் முட்களும், எலுமிச்சை நிறப் பூக்களும் உடையது. மூன்றாவதான ஒப்பன்ஷியா எலேஷியருக்கு முட்கள் பழுப்பு நிறமானவை. பூக்களிலும் செம்மை கலந்திருக்கும். இவற்றுள் முதலாவது பிரேசிலையும் அதன் அண்டை நாடுகளையும் சேர்ந்தது; இரண்டாவது கரீபியத் தீவுகளையும் மெக்சிகோ வளைகுடாக் கரையையும் சேர்ந்தது. வேறுபட்ட இத்தாயகங்களே பின்னர் நிகழ்ந்த அனைத்திற்கும் திறவுகோலாக அமைந்தன.

2. சாயத்தின்பொருட்டு வந்த பூச்சி

கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுக்கும் செஞ்சாயம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பானிய சாம்ராஜ்யத்தின் ஏகபோகச் சரக்காக இருந்தது. அந்த லாபத்தை நாடிய கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆதரவுடன் சென்னையின் தலைமை வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டைப் பக்கத்தில் கள்ளித் தோட்டமொன்றை நிறுவி, லண்டனிலிருந்த ஜோசப் பாங்க்ஸுடன் அதுபற்றிக் கடிதப் போக்குவரத்தும் நடத்தி வந்தார். 1795-இல் காப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து உயிருள்ள பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தபோது, எதிர்பார்த்த செல்வம் கைக்கெட்டியதாகவே கருதப்பட்டது.

ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் டாக்டிலோபியஸ் காக்கஸ் அன்று. உயர்ந்த ஜாதியின் உடல்மேல் மாவு தூவியது போன்ற மெல்லிய பூச்சே இருக்கும். இதன்மேலோ பஞ்சைப் போன்ற மெழுகு மூடியிருந்தது. மெக்சிகோவின் குடியானவர்கள் நெடுங்காலமாகப் பிரித்தறிந்திருந்த காட்டுக் கொச்சினீல் வகைகளை ஒத்தது இது. சாயத் தொழில் தேறவில்லை. எனினும், பிரேசிலிலிருந்து வந்த பூச்சி, பிரேசிலிலிருந்து வந்த மோனகாந்தாவைக் கண்டுகொண்டு அதனையே வட இந்தியாவின் பரந்த பிரதேசங்களில் அழித்துவிட்டது. பொருளாசையின் தோல்வியே களை நிவாரணத்தின் முதற்பாடமாயிற்று.

3. பாதி வெற்றி

இவ்வனுபவத்தின் பயனாக 1836-க்கும் 1838-க்கும் இடையில் அப்பூச்சி, களையை அழிக்க வேண்டும் என்ற ஒரே கருத்துடன், தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. களைச்செடியொன்றை ஒடுக்கப் பூச்சியை மனிதன் வேண்டுமென்றே ஏவிய முதல் நிகழ்ச்சி என்று உயிரியல் கட்டுப்பாட்டின் சரித்திரம் இதனைக் குறிக்கின்றது. 1865-ஐ ஒட்டி அது இலங்கையையும் அடைந்தது. அங்கே பூச்சியியல் அறிஞர் ஏர்னஸ்ட் கிரீன் 1896-இல் அதனை வருணித்து இட்ட பெயராலேயே, தென் அமெரிக்காவில் பிறந்த அப்பூச்சி இன்றும் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என வழங்குகின்றது.

இரு நாடுகளிலும் மோனகாந்தா அருகிப்போயிற்று. தில்லெனியோ தீண்டப்படாமல் நின்றது. ஒரே பூச்சி ஓரிடத்தில் புதரை வேரோடு சாய்த்தும் அடுத்த நிலத்தில் ஒரு மடலைக்கூட வாட்டாமலும் இருந்ததற்குச் செடியின் ஜாதி பேதமே காரணம் என்பது ஆஸ்திரேலியாவில் சோதனையால் உறுதிப்பட்டது. அந்நாட்டிலிருந்து 1912-இல் புறப்பட்ட ஆராய்ச்சிக் குழுவினரான ஹார்வி ஜான்ஸ்டனும் ஹென்றி டிரையனும் இந்தியாவையும் இலங்கையையும் பார்வையிட்டு, இலங்கைப் பூச்சியைத் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்ல வழிசெய்தார்கள். குவீன்ஸ்லாந்தின் துலாக்கா நிலையத்தில் பரிசோதனைகள் நடத்திய ஜீன் ஒயிட் என்னும் பெண் அறிஞர், அது மோனகாந்தாவை மட்டும் கொல்லும், பிற கள்ளிகளைக் கொல்லாது என்பதைத் தெளிவாக்கினார்.

4. பொருத்தமான பூச்சி

அதன்பின் தேடல் திசை மாறிற்று. தில்லெனிக்கு உறவான கள்ளிகள் இயல்பாக வளரும் வட அமெரிக்கப் பகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியர் கொண்டுசென்ற மற்றொரு கொச்சினீல், 1924-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கும் வந்தது. பூச்சி பற்றிய மடல்களை நோயற்ற புதர்களின்மேல் வைப்பதே அதைப் பரப்பும் முறை. குஞ்சுகள் மடல்மேல் ஊர்ந்தும் காற்றில் மிதந்தும் பரவும். சிறகற்ற பெண்பூச்சி ஓரிடத்தில் வாயை ஊன்றி, இருந்தபடியே சாற்றை உறிஞ்சும். மடல்கள் மஞ்சளித்து, கணுக் கழன்று, அழுகி விழும். கனத்த மழை குஞ்சுகளைக் கழுவிவிடுமாகையால், மழை குறைந்த ஜில்லாக்கள் அதன் விருத்திக்கு இசைவாக இருந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர், அதாவது 1,00,000 ஏக்கர் அளவில், தில்லெனியும் எலேஷியரும் ஒடுங்கின. மைசூரில் குஞ்ஞிக் கண்ணனும், சென்னை மாகாணத்தில் டி. வி. ராமகிருஷ்ண ஐயரும் இவ்விஷயத்தை ஆராய்ந்து எழுதினார்கள். ஐயரின் கட்டுரை 1931-இல் வெளிவந்தது.

அக்காலத்து ஏடுகள் இப்பூச்சியை டாக்டிலோபியஸ் டொமென்டோசஸ் என்றே குறித்தன. அது டாக்டிலோபியஸ் ஒப்பன்ஷியே என்பது தெளிவுற 1974-இல் டி லாட்டோ செய்த ஆய்வு வேண்டியிருந்தது. பெயர் பிழைபட்டும் காரியம் கைகூடியதற்குக் காரணம், குறிப்பிட்ட கள்ளியின்மேல் வளர்த்துச் சோதித்த பூச்சிகளே கைமாறி வந்தமையாகும். நூற்பெயரினும் உயிருள்ள செடியின்மேல் நிகழ்த்தும் பரீட்சையே இறுதிப் பிரமாணம் என்பதற்கு இது போதிய சான்று.

5. முடிவு

சப்பாத்திக்கள்ளி முற்றும் அழிந்துபோகவில்லை. பூச்சியும் செடியும் ஒன்றையொன்று மட்டுப்படுத்தும் நிலையில் இன்றும் அங்கங்கே காணப்படுகின்றன. குடியானவனுக்கு வேண்டியதும் அவ்வளவே. 1955-இல் புணேயில் கவனத்துக்கு வந்து பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தின்மேல் ஏவுவதற்காக 1983-இல் மெக்சிகோ வண்டு பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டபோது, களையின் தாயகத்தில் அதன் பகைவரைத் தேடும் அதே வழிமுறையே கையாளப்பட்டது. அவ்வண்டு சூரியகாந்தியையும் கடிக்கிறது என்ற அச்சம் பிற்பாடு எழுந்து விசாரணை வரையில் சென்றதும், எந்தச் செடியை எந்தப் பூச்சி உண்ணும் என்னும் வினாவின் கனத்தையே காட்டுகின்றது.

மறுபுறம், நம் நிலத்தை மீட்ட அதே ஒப்பன்ஷியே 2014 முதல் மொராக்கோவில் பழத்துக்கும் தீவனத்துக்கும் வளர்க்கப்பட்ட கள்ளித் தோட்டங்களைப் பாழாக்கி வருகின்றது. பூச்சிக்குத் தெரிந்தது தன் இரையின் ஜாதி மட்டுமே. அச்செடி களையா பயிரா என்பது மனிதரின் தேவையால் நிர்ணயமாவது. ஆகவே செடி எது, அதன் தாயகம் எது, அதை உண்ணும் உயிர் வேறெவற்றை உண்ணும் என்னும் மூன்று நிர்ணயங்களும் முடிந்த பிறகே அந்நிய உயிரொன்றை வயலில் விடுவது தகும்; முதலாவதில் நேர்ந்த மயக்கத்துக்குத் தென்னாட்டு உழவர் கொடுத்த விலை 90 ஆண்டுகள்.