சுருவில் வரைபடமும் ஒரு குறியீட்டின் வரலாறும்

ஒரு மாலைப்பொழுதில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் எமது ஊர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அக்கா என்றே அழைப்பேன். புலம்பெயர்ந்த சுருவில் மக்களுக்காக நான் கணினியில் வரைந்து அனுப்பிய ஊர் வரைபடம் அவரது கைக்குக் கிடைத்திருந்தது.

"தம்பி, படம் வடிவாய் வந்திருக்கு. ஆனால் எங்கட வீட்டுக்கும் நீர் கூரை போட்டு வைச்சிருக்கிறீர். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பாக்கேக்கை கூரை இல்லை, சுவர்தான் நிண்டது. அதை மறைக்கலாமே?"

நான் எதையும் மறைக்க நினைக்கவில்லை. எனினும் அவர் சொன்னது உண்மை. தவறு எங்கே நேர்ந்தது என்று தேடப் புகுந்தபோதுதான், நாள்தோறும் கையாளும் ஒரு கருவியின் வரலாற்றை நான் அறியாமலே இருந்துவிட்டேன் என்பது புரிந்தது. அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருவில், வேலணைத்தீவின் கடலோரத்துச் சிற்றூர். நாரந்தனையும் கரம்பொனும் ஊர்காவற்றுறையும் அயலூர்கள். ஒல்லாந்தர் இத்தீவை லெய்டன் என்றனர். 1990ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். பலர் திரும்பவேயில்லை. ஊரை நேரில் கண்டவர்கள் மறைந்துகொண்டிருக்கும் காலத்தில், ஒவ்வொரு வீடும் கிணறும் எங்கே இருந்தன என்பதைப் பதிந்து வைக்கவேண்டும் என்ற ஆவலே என்னை அந்த வரைபடத்தில் இறக்கியது.

அடோபி இலஸ்ட்ரேட்டர் மென்பொருளில் வேலையைத் தொடங்கினேன். வீட்டுக்கு ஓர் உரு, பனைக்கு ஓர் உரு, நன்னீர்க் கிணற்றுக்கு ஒன்று, உவர்நீர்க் கிணற்றுக்கு ஒன்று எனச் சில உருக்களை வரைந்து, அவற்றைக் குறியீடுகளாகச் சேமித்தேன். ஒரு முறை சேமித்த குறியீட்டை எத்தனை இடத்திலும் பதிக்கலாம். பதிக்கப்படும் ஒவ்வொன்றும் மூலத்தோடு இணைந்தே இருக்கும். மூலத்தைத் திருத்தினால் அத்தனையும் ஒரே நொடியில் திருந்திவிடும். நூறு பனைகளை வைத்தாலும் கோப்பினுள் இருப்பது ஒரு பனையின் வரைவும், அது நிற்கவேண்டிய நூறு இடங்களின் குறிப்பும் மாத்திரமே. ஆதலால் கோப்பும் பருக்காது.

இந்த எண்ணம் எனது தொழிலுக்குப் புதியதன்று என்று முதலில் எண்ணினேன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தின் கடைசிப் பகுதியை நான் யாழ்ப்பாணத்தில் கண்டவன். பொருளாதாரத் தடையின்போது, பத்திரிகைத் தாள் கிடைக்காமல், மாணவர் எழுதும் கோடிட்ட கொப்பித் தாளிலே பத்திரிகைகள் அச்சாகிய நாட்கள் அவை. அச்சுக்கோப்பாளர் கேஸின் அறைகளிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார். அச்சானதும் பிரித்து அதே அறைகளில் இடுவார். இன்றைய தலையங்கத்தின் 'அ' நாளைய மரண அறிவித்தலின் 'அ' ஆகும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு தாயச்சிலிருந்து ஆயிரம் எழுத்துகளை வார்க்கலாம். வார்த்து முடிந்ததும் தாய்க்கும் பிள்ளைக்கும் தொடர்பு அறுந்துவிடும். தாயச்சைச் செதுக்கித் திருத்தினாலும் கேஸில் கிடக்கும் எழுத்து மாறாது. உருக்கி மீண்டும் வார்க்கவேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதலாக நான்கு நூற்றாண்டுகள் தமிழ் அச்சு இந்த விதிக்குக் கட்டுப்பட்டே நடந்தது. அந்நூல் உள்ளிட்ட ஆதி அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடி ஆராய்ந்து எழுதிய தனிநாயகம் அடிகளார், 1913இல் எமது அயலூரான கரம்பொனில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவூட்டுவதில் எனக்குப் பெருமை உண்டு.

ஓர் உறுப்பைப் பல இடத்தில் பயன்படுத்தும் சிந்தனை தமிழ் எழுத்திலேயே அடங்கியிருக்கிறது. 247 எழுத்துகள் என்கிறோம். ஆயினும் ஒரு கொம்பும் ஒரு துணைக்காலும் எத்தனை உயிர்மெய்களில் திரும்பத் திரும்ப வருகின்றன! இதனைப் பொறியில் ஏற்றியவரும் யாழ்ப்பாணத்தவரே. 1886இல் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, அத்தனை எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைப்பது இயலாது எனக் கண்டு, எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். சில குறிகளுக்கு, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அமைத்தார். குறி முதலில் பதியும். அதே இடத்தில் எழுத்து வந்து சேரும்.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் புகுத்தி, 1978இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தமும் இவ்வழிப்பட்டதே. தனி உருவம் கொண்டிருந்த ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகள், ஏனைய எழுத்துகளைப் போலவே பொது உறுப்புகளைப் பெற்றன. அதன்பின் அவற்றுக்கெனத் தனி ஈய வார்ப்புகள் தேவைப்படவில்லை.

எனினும் இவை எல்லாம் மீள்பயன்பாடுதான், இணைப்பு அன்று. மூலம் மாறினால் நகலும் தானே மாறும் என்ற நிலை கணினி வந்த பின்னரே கைகூடியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவரான ஐவன் சதர்லாந்து, 1963இல் சமர்ப்பித்த ஆய்வேட்டில் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை விளக்கினார். டி.எக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். மூலப் படம் ஒன்றை வரைந்து, அதன் பிரதிகளை வெவ்வேறு அளவிலும் கோணத்திலும் பதிக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகளும் திருந்தும். இன்று நாம் கையாளும் குறியீட்டின் பிறப்பு அதுவே. 1988இல் அவருக்குத் டியூரிங் விருது கிடைத்தது.

நம் போன்றோரின் மேசைக்கு அது வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. 2001இல் வெளியான இலஸ்ட்ரேட்டர் 10, குறியீடுகளை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு கோரல் டிராவும் பின்தொடர்ந்தது. இணையத்துக்கான எஸ்.வி.ஜி. என்னும் திறந்த வடிவமும் 2001இலேயே தரமாக ஏற்கப்பட்டது. குறியீட்டை ஒரு முறை வரையறுத்துப் பல முறை அழைக்கும் வசதி அதிலும் உண்டு. எழுத்துரு வடிவமைப்போரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர். துணைக்காலை ஒரு முறை வரைந்து, கா முதல் னா வரை இணைத்துவிட்டால், அதன் வளைவைத் திருத்தும்போது அத்தனை எழுத்தும் திருந்தும்.

இனி எனது தவறுக்கு வருகிறேன். தொடக்கத்தில் வீட்டுக்கு நான் வைத்தது வெறும் சதுரம். நின்ற வீடு, இடிந்த வீடு என்ற பேதம் அதில் இல்லை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு, படம் வறிதாகத் தோன்றுகிறதே என்று மூலக் குறியீட்டைத் திறந்து, சதுரத்தின்மேல் ஓர் ஓட்டுக்கூரையை வரைந்தேன். சேமித்ததும் ஊர் முழுவதும் சிவந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் மகிழ்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியைச் சரிபார்த்துச் சம்பளம் பெற்ற ஒருவன், ஒரு சொடுக்கில் அத்தனை வீடுகளைப் பற்றியும் ஒரே செய்தியை, சரிபாராமல் வெளியிட்டேன்.

இதற்குத் தீர்வாக, இணைப்பை முறிக்கும் கட்டளை மென்பொருளில் உண்டு. முறித்தால் அந்தப் பிரதி தனிப் படமாகிவிடும், விரும்பியபடி மாற்றலாம். ஆனால் மூலத்தில் பின்னர் செய்யும் எந்தத் திருத்தமும் அதனைச் சென்றடையாது. இடிந்த வீடுகளை அப்படித் துண்டித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருந்தது. கூரையற்ற, சுவர் மாத்திரம் நிற்கும் வீட்டுக்குத் தனியொரு குறியீட்டை வரைந்தேன். பின்னர், உரிய வீட்டைத் தெரிவுசெய்து, பழைய குறியீட்டுக்குப் பதிலாகப் புதியதை மாற்றீடு செய்தேன். இடமும் அளவும் மாறாது. உரு மாத்திரம் மாறும்.

மாற்றீட்டுக்குச் சில நொடிகள் போதும். எந்த வீட்டுக்கு எந்தக் குறியீடு என்பதை அறிவதற்குத்தான் மாதக்கணக்கானது. கனடா, பிரான்சு, இலண்டன் என்று ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். சிலர் விடை சொன்னார்கள். சிலர் சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு சொன்னார்கள். "எனக்குத் தெரியாது தம்பி, நான் பிறகு போகவேயில்லை" என்றவர்களும் உண்டு. அவர்களுக்காக மூன்றாவது குறியீடு ஒன்றை வரைந்தேன்: கோட்டால் ஆன வெற்றுச் சதுரம், உள்ளே எதுவும் இல்லை.

திருத்திய படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். "இப்ப சரி. இதுதான் எங்கட வீடு" என்றார். கூரையில்லாத வீட்டைக் கண்டு ஒருவர் ஆறுதல் அடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

வெற்றுச் சதுரங்கள் இன்னும் பல இருக்கின்றன. சுருவிலை அறிந்த வாசகர்கள் தமது வீட்டின் நிலையைத் தெரியப்படுத்தினால், ஒவ்வொன்றாக மாற்றிவிடுவேன்.