கருக்கும் அரவாயும்

பனைமட்டையின் இருமருங்கும் நிரைநிரையாக எழுந்து நிற்கும் கரிய பற்களுக்குக் கருக்கு என்பது பெயர். மன்னார்க் கரையிலே விடத்தல்தீவு முதலிய ஊர்களிற் பனையொடு பழகிய மக்களுக்கு இச்சொல்லை விளக்கவேண்டுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அரிவாளின் பல்லையும் கூர்மையையும் இதன் பொருள்களாகத் தருகின்றது. கருக்கரிவாள் என்னும் பெயரும் இப்பொருள் பற்றியதே. முள்ளும் கருக்கும் ஒன்றல்ல. விடத்தல் மரத்தில் உள்ளது முள். அது தனித்து நின்று தைக்கும். பனைமட்டையில் உள்ளது கருக்கு; அது நிரையாக நின்று அறுக்கும்.

இக்கருத்தைச் சங்கப் புலவர் அரவாய் என்னுஞ் சொல்லாற் குறித்தனர். கரிகாலனது வெண்ணிப் போரைக் கூறும் பொருநராற்றுப்படை, பாண்டியனுக்குரிய வேம்பின் இலைக்கு இதனை அடையாக்குகின்றது. வாய் என்றது ஈண்டு விளிம்பினை. அரம் இரும்பை அராவும் கருவி மட்டுமன்று. சங்கறுத்து வளை செய்யும் வாளும் அப்பெயர் பெற்றது. மன்னார்க் குடாவின் இந்தியக் கரையிலுள்ள கொற்கையில், வாளால் அறுத்த தடம் பொருந்திய சங்குத் துண்டுகளைக் கண்ட ஹோர்னெல் என்பார் 1914இல் வெளியிட்ட தம் நூலில் அவற்றை விவரித்துள்ளார். தமிழகத்தார் ரம்பம் என்னும் தச்சுக் கருவியை ஈழத்தார் இன்றும் வாள் என்றே வழங்குவதும் நோக்கத்தக்கது.

இனி, இவ்வாராய்ச்சியால் விளங்கும் செய்தி ஒன்றுண்டு. புகார்ப் பரதவர் உவா நாளிற் கடல்மேற் செல்லாது, சினைச்சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சுறாவுக்குக் கோடு ஏது? விடை நற்றிணையின் 19ஆம் பாட்டில் உள்ளது. நக்கண்ணையார் அங்கே தாழையின் முள்ளிலைக்குச் சுறாக்கோட்டை உவமை கூறுகின்றார். தாழையிலை நீண்டு தட்டையாய், இருவிளிம்பும் கருக்குடையது. மாட்டுக்கொம்பு போன்ற வழுவழுத்த கோடாயின் உவமை பொருந்தாது. ஆகவே அக்கோடு, மூக்கே பலகைபோல் நீண்டு இருபுறமும் பல் நிரைத்த வேளா மீனின் வாளாதல் வேண்டும். உடலாற் சுறாவை ஒத்த இம்மீனைத் திருக்கை இனத்ததென இக்கால விலங்கியலார் வகுப்பர். பண்டையோர் தோற்றங் கண்டு சுறா என்றதில் வியப்பில்லை.

அவ்வேளா இன்று உலகெங்கும் அருகிவிட்டது. வலை எதுவாயினும் அதன் வாட்பல் சிக்கிக்கொள்ளும். குஞ்சுகள் வளர்வதோ கண்டல் சூழ்ந்த ஆழமற்ற நீரில். இக்காரணங்களால் அது விரைந்து அழிந்தது. அதன் எல்லா இனங்களும் 2013 முதல் பன்னாட்டு வணிகத் தடைக்கு உட்பட்டுள்ளன. கண்டலும் கடற்புல்லும் பொருந்திய விடத்தல்தீவுக் கரை 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது.

பொருள் மறையின், அதனைச் சுட்டிய உவமையும் விளங்காதொழியும். வேளாவைக் கண்டறியாத மாணவனுக்கு நக்கண்ணையாரின் உவமை வெறுஞ் சொல்லே. கடற்றொழிலாளரும் பனைத்தொழிலாளரும் வழங்குஞ் சொற்களை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு, பொருளோடு எழுதிவைத்தல் நம் மாணவர்க்கு இயலும் தமிழ்ப்பணி. பழைய பாட்டின் உரை ஏட்டில் மட்டுமன்று, கரையிலும் கிடக்கின்றது.