பன்னிரண்டு டாலர் பேர்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க கணியூர்ல எனக்கு அஞ்சாவது வரைக்கும் பாடம் எடுத்த வாத்தியாரய்யா ஒருத்தர் இருக்கார். ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷமாச்சு. போனா ஒரு காப்பி, கொஞ்சம் தமிழ், கொஞ்சம் அரசியல்னு பொழுது போயிடும். இந்தத் தடவை காப்பியோட ஒரு பழைய போட்டோவும் வந்துச்சு.

கறுப்பு வெள்ளைப் படம். பனி கொட்டிக் கிடக்கிற ஒரு சர்ச் வாசல்ல வெள்ளைக்காரப் புருஷனும் பொஞ்சாதியும் நிக்கிறாங்க. பின்பக்கம் பேனா மையில ‘ஷ்மிட்’னு ஒரே ஒரு பேர். ஊரும் இல்ல, தெருவும் இல்ல.

"கண்ணு, நீ கம்ப்யூட்டர்லதான வேலை பண்ற? இவீங்களக் கண்டுபுடிச்சுக் குடுக்க முடியுமா?"

எனக்கு விஷயமே புரியல. அப்புறம்தான் சொன்னார். ஒம்போது வயசுல அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்து ஒரு மிஷன் ஹாஸ்டல்ல சேர்ந்தவர் அவர். 60கள்ல நடந்த கதை. ஜெர்மனியில ஏதோ ஒரு சபையைச் சேர்ந்த இந்தத் தம்பதிதான் பதினோராவது முடிக்கிற வரைக்கும் அவருக்குப் பணம் அனுப்பியிருக்காங்க. இருவது வருஷமா அவரைத் தெரியும், இது எனக்குத் தெரியாது!

சென்னைக்குத் திரும்பின பிறகும் அந்தப் போட்டோ மண்டைக்குள்ளயே இருந்துச்சு. முகம் தெரியாத ஒரு குடும்பம், முகம் தெரியாத ஒரு பிள்ளையை மாசாமாசம் பணம் அனுப்பிப் படிக்க வைக்கிறது... இந்த ஏற்பாட்டை முதல்ல யார் யோசிச்சது?

சட்டுனு கிடைக்கிற பதில் கொரியப் போர். 1950-53 போர்ல அனாதையான குழந்தைகளுக்காக அமெரிக்காவில் வேர்ல்டு விஷன், கம்பாஷன் மாதிரி அமைப்புகள் உருவாச்சு. ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரத்துல 1959இல் ‘கிண்டர்நோட்ஹில்ஃபே’ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. (வாயில நுழையலைன்னா ‘குழந்தைகள் துயருதவி’ன்னு வச்சுக்கோங்க.) அது முதல்ல கையில எடுத்ததே இந்தியக் குழந்தைகளைத்தான். வாத்தியாரய்யாவோட காலத்துக்கு இது பொருந்தி வருது.

ஆனா தோண்டத் தோண்ட இது இன்னும் நூத்திமுப்பது வருஷம் பின்னாடி போகுது. போய் நிக்கிற இடம் கொரியாவும் இல்ல, ஜெர்மனியும் இல்ல... யாழ்ப்பாணம்!

1815 அக்டோபர்ல பாஸ்டனுக்குப் பக்கத்துல இருக்கிற நியூபரிபோர்ட்ல இருந்து ‘டிரையட்’ங்கிற கப்பல்ல சில அமெரிக்க மிஷனரிகள் கிளம்பினாங்க. டேனியல் பூர், மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ், வாரன் எல்லாம் அந்தக் கோஷ்டிதான். 1816 மார்ச்ல கொழும்பு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இடம் பிடிச்சாங்க. ஏன் இந்தியாவுக்கு வராம அங்க போனாங்கன்னா, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டாலே ஆகாது, அதுலயும் அமெரிக்கர்னா இன்னும் சந்தேகம். இலங்கை நேரடியா பிரிட்டிஷ் அரசு கையில இருந்துச்சு. கவர்னர் பிரௌன்ரிக் சரின்னுட்டார்.

பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. பிள்ளைங்க பகல்ல வருவாங்க, சாயந்திரம் வீட்டுக்குப் போயிடுவாங்க. இது போதாது, கூடவே தங்க வச்சுச் சாப்பாடு போட்டு வளர்க்கணும்னு மிஷன் நினைச்சுது. அதுக்குக் காசு? அமெரிக்கச் சபைகளுக்குக் கடிதம் போச்சு. வருஷத்துக்கு 12 டாலர் கொடுத்தா இலங்கையில ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் ஆயிடும். பணம் தர்றவங்க அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரும் வைக்கலாம். (பின்னாடி இது 20 டாலர் ஆச்சு. விலைவாசி!)

இந்தப் பேர் வைக்கிற சலுகைதான் நெருப்பு மாதிரிப் பத்திக்கிச்சு. பெண்கள் சங்கம், ஞாயிறு பள்ளி, ஊர்ச் சபைன்னு ஆளாளுக்குக் காசு சேர்த்து அனுப்பினாங்க. செத்துப்போன தங்களோட பாதிரியார் பேர், ஊர்ப் பெரியவர் பேர், இழந்த சொந்தப் பிள்ளையோட பேர்னு யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்களுக்கு வைக்கச் சொன்னாங்க. ‘மிஷனரி ஹெரால்ட்’ பத்திரிகையில நன்கொடைப் பட்டியல் வரும். இன்ன ஊர்ச் சபை, இலங்கையில் இன்ன பேருள்ள பிள்ளைக்காக, இத்தனை டாலர்னு ஒவ்வொரு வரியும் இருக்கும். மூணு வரி தாண்டறதுக்குள்ள நான் அந்த அமெரிக்க அம்மாக்களை நினைக்க ஆரம்பிச்சிடுவேன். தன் பிள்ளையோட பேரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தோட அந்தக் கோடியில யாரோ இருக்காங்கங்கிறது அவங்களுக்கு என்னவா இருந்திருக்கும்?

அதே சமயம் இந்தப் பக்கம் பாருங்க. இந்தப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க அனாதையே இல்ல. அப்பா அம்மா உயிரோட இருந்தாங்க. படிப்பு முடியற வரைக்கும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகமாட்டோம்னு பெத்தவங்ககிட்ட ஒப்பந்தம் வாங்கிட்டுத்தான் சேர்த்தாங்க. மிஷன் வளவுக்குள்ள சமைச்சதைச் சாப்பிட மாட்டோம்னு வெள்ளாளப் பிள்ளைங்க நின்னப்ப, பக்கத்து சைவக்காரர் நிலத்துல தனியா சமையல்கட்டு போட்டுச் சமைச்சுக் கொடுத்தாங்க. சாதி விஷயத்துல மிஷன் இறங்கி வந்துச்சு. பேர் விஷயத்துல இறங்கல.

1823இல் வட்டுக்கோட்டையில செமினரி தொடங்குது. 1824இல் உடுவில்ல ஹாரியட் வின்ஸ்லோ பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கறாங்க. பெண்பிள்ளைங்க பாதியில நின்னுடக் கூடாதேன்னு, முடிக்கிற வரைக்கும் இருந்தா கல்யாணத்துக்குச் சீதனமும் மிஷனே தரும்னு ஏற்பாடு! (யாழ்ப்பாணத்தை நல்லாத்தான் புரிஞ்சு வச்சிருந்திருக்காங்க.) இந்த ஹாரியட்டோட வீட்டுக்காரர்தான் நாம இன்னைக்கும் இணையத்துல புரட்டுற, 1862இல் வெளிவந்த தமிழ் அகராதியோட மைரன் வின்ஸ்லோ.

இனி விஷயத்துக்கு வர்றேன். 1841இல் வந்த ‘உதயதாரகை’ பத்தி ஈழத்து இதழியல் படிச்சவங்களுக்குத் தெரியும். அதோட முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன். நான் ரொம்ப நாள் ரெண்டு வெள்ளைக்காரங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். ரெண்டு பேருமே யாழ்ப்பாணத் தமிழர்! நிஜ ஹென்றி மார்ட்டின் இந்தியாவுல பாதிரியா இருந்து 1812இல் துருக்கியில செத்துப்போன இங்கிலீஷ்காரர். நிஜ சேத் பேய்சன் நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு கிராமத்துப் பாதிரியார்.

சி.வை. தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கோங்க. கலித்தொகையையும் வீரசோழியத்தையும் ஏட்டுல இருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவர். அவங்க அப்பா வைரவநாதருக்கு மிஷன்ல விழுந்த பேர் சைரஸ் கிங்ஸ்பரி. நிஜ கிங்ஸ்பரி அமெரிக்காவுல செரோக்கி, சாக்டா பழங்குடி மக்கள் நடுவுல வேலை பார்த்த மிஷனரி. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில படிச்சு, சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பி.ஏ. பட்டதாரிகள்ல ஒருத்தரா 1857இல் தேறி, சைவராவே வாழ்ந்தார். அவரோட மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரா ஆகித் தாத்தாவோட பேரை மறுபடி எடுத்துக்கிட்டார். தமிழறிஞர் பிரான்சிஸ் கிங்ஸ்பரி அவர்தான். தாமோதரம்பிள்ளையோட அதே வருஷம் பி.ஏ. ஆன இன்னொருத்தர் விசுவநாதபிள்ளை. அவரும் வட்டுக்கோட்டை மாணவர்தான், அவருக்கும் ஒரு அமெரிக்கப் பேர் உண்டு, கறோல்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. பால்டிமோர்ல இருந்த வில்லியம் நெவின்ஸ்ங்கிற பாதிரியாரோட பேரைச் சுமந்தவர். தமிழ்ல தர்க்க நூல் எழுதினார். அப்புறம் 1880களோட கடைசியில யாழ்ப்பாணத்துல ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் கைமாறி யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆச்சு! பால்டிமோர்ல நெவின்ஸ் பேர் நிலைக்கணும்னு காசு போட்டவங்க இதைக் கனவுல கூட நினைச்சிருக்க மாட்டாங்க :-)

சாஃப்ட்வேர்காரன் புத்தியில சொன்னா, அமெரிக்காக்காரங்க பழைய பேரை ஓவர்ரைட் பண்ணிட்டதா நினைச்சாங்க. பிள்ளைங்க அதை அலியாஸா வச்சுக்கிட்டாங்க. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளைன்னு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு.

நைல்ஸ் குடும்பத்தையும் விட முடியல. அதுவும் அதே மாதிரி யாழ்ப்பாணத்துக்கு வந்த பேர்தான். அந்தக் குடும்பத்து டி.டி. நைல்ஸ் 1968இல் ஸ்வீடனின் உப்சலாவில் உலக சபைகள் மன்றக் கூட்டத்தைத் தொடங்கி வச்சுப் பிரசங்கம் பண்ணினார். அந்த இடத்துல பேச வேண்டியிருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். மூணு மாசம் முன்னாடிதான் சுட்டுக் கொன்னிருந்தாங்க.

வட்டுக்கோட்டை செமினரியை 1855இல் மூடிட்டாங்க. பாஸ்டன்ல இருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில வந்த குழு கணக்குப் பார்த்துச்சு. பிள்ளைங்க இங்கிலீஷ் படிச்சுட்டு அரசாங்க வேலைக்குப் போறாங்க, சபைக்கு வர்றவங்க கம்மின்னு முடிவு. காசு கொடுத்தவங்க பார்வையில அது தோல்விதான். எனக்கென்னவோ அந்த முப்பத்திரண்டு வருஷத்துல அந்தப் பள்ளிக்கூடம் செஞ்சது போதும்னு தோணுது. அந்த மண்ணுலயே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்துச்சு, அதுக்கு உள்ளூர்க்காரங்களே முன்னால நின்னாங்க.

இந்தக் கதையை எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல வாத்தியாரய்யாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டார்.

"பேரெல்லாம் என்றதுதான் கண்ணு. மாத்தல. எனக்கு ஒரு நம்பர் குடுத்திருந்தாங்கொ. லெட்டர் மேல அதத்தான் எழுதோணும்."

வருஷத்துக்கு ரெண்டு லெட்டர். போர்டுல எழுதிப் போடுவாங்களாம், பார்த்து எழுதணும். நான் நலம், நன்றாகப் படிக்கிறேன், இங்கே நல்ல மழை பெய்கிறது. அதை யாரோ மொழிபெயர்த்து அனுப்புவாங்க. அவருக்கு ஒரு தங்கச்சி. ஹாஸ்டல்ல பெண்பிள்ளைங்களுக்கு இடமில்லைன்னு பெரியம்மா வீட்டுல விட்டாங்க. ஒரு தடவை லெட்டர்ல தங்கச்சியைப் பத்தியும் ரெண்டு வரி எழுதியிருக்கார், அவளையும் படிக்க வைக்க முடியுமான்னு. பிச்சை கேக்கிறியான்னு திட்டிக் கிழிச்சுப் போட்டாங்க. தங்கச்சி பத்து வயசுல பருத்திக் காட்டுக்குப் போய், கல்யாணமாகி, அப்புறம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில பிசிறு வெட்டி, போன வருஷம் தவறிட்டாங்க. அதுக்கப்புறம்தான் போட்டோவைப் பெட்டியில இருந்து எடுத்திருக்கார்.

முதல் சம்பளம் வாங்கினப்ப நன்றி சொல்லி எழுத அட்ரஸ் கேட்டாராம். அதெல்லாம் தர்றதில்லைன்னுட்டாங்க.

‘ஷ்மிட்’னு தேடிப் பார்த்தேன். நம்ம ஊர்ல முருகேசன்னு தேடற மாதிரி. போட்டோவை ஸ்கேன் பண்ணி, பின்னாடி தெரியிற சர்ச் கோபுரத்தை வச்சு ஊர் எதுன்னு பார்க்கலாம்னு ஜெர்மனியில வேலை பார்க்கிற ஒரு சிநேகிதனுக்கு அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரல.

"அவீங்க இருக்க மாட்டாங்கொ, தெரியுது. புள்ளைக யாராச்சும் இருந்தா, என்ற லெட்டரெல்லாம் வச்சிருக்காங்களான்னு கேளு" ன்னார். கேட்டு என்ன பண்ணப் போறீங்கய்யான்னேன்.

"மழை பேயுது, மழை பேயுதுன்னு எழுதுனனே கண்ணு... அந்த வருசம் நம்மூருல மழையே இல்ல. அதையாச்சும் சொல்லிப்போடலாம்."