யாருடைய உடம்புக்கு எவ்வளவு சோறு?

கூலிப் பேச்சுவார்த்தை எங்கே நடந்தாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: "இந்த வேலைக்கு இவ்வளவு கூலியா?" குனிந்து வேலை செய்தவர் இப்படிக் கேட்பதில்லை. வரப்பில் நின்று பார்த்தவர்தான் கேட்பார். ஒரு வேலை உடம்பிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, அதைத் திரும்ப ஈடுகட்ட எவ்வளவு சோறு வேண்டும் என்பதை அளக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தோழர்களே, இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே நீண்ட வரலாறு உண்டு.

தாது வருடப் பஞ்சத்திலிருந்து தொடங்குவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அந்தப் பஞ்சம் தின்றது. நிலமும் இல்லாமல், குதிரில் நெல்லும் இல்லாமல் அன்றாடக் கூலியை நம்பி இருந்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். அவர்களில் சேரி மக்கள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. மண் வெட்டுவது, கல் உடைப்பது, சாலை போடுவது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியும் அப்போது பசித்த கைகள் வெட்டியதுதான்.

1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை வைஸ்ராய் லிட்டன் இங்கே அனுப்பினார். 1874இல் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்துவிட்டார் என்று வசை வாங்கியிருந்தவர் அவர். இம்முறை கையை இறுக்கினார். நாளெல்லாம் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்ணுக்கும் சிறுவருக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான். மாகாணத்தின் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்று வாதாடினார். சில வாரங்களில் அளவு கொஞ்சம் உயர்ந்தது. கார்னிஷ் கேட்ட அளவுக்கு உயரவில்லை.

இன்றைய கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அந்தத் தானியம் ஏறத்தாழ 1,600 கலோரி தரும். அந்த ஓர் அணாவுக்குப் பஞ்ச விலையில் பெரிதாக எதுவும் வாங்கியிருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை செய்தாலே நாளுக்கு 2,110 கலோரி தேவை. மிதமான உழைப்புக்கு 2,710. கடின உழைப்புக்கு 3,470. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டிய சோறுகூட இல்லாமல்தான் நம் முன்னோர் கல் உடைத்தார்கள்.

அடுத்த அளவுகோலும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935 முதல் இருந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். இந்தியர் உணவை ஆராய்ந்து, மிதமாக உழைக்கும் சராசரி இந்தியருக்கு எவ்வளவு கலோரி வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஒரு பங்குக்கு 2,700 கலோரி. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு மூன்று பங்கு. ஆளுக்கு ஆண்டுக்கு 18 கஜம் துணி. குறைந்தபட்சக் கூலி இந்தத் தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்று முடிவானது. இது தொழிலாளர் இயக்கத்தின் பெரிய வெற்றி, அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'மிதமாக உழைக்கும் சராசரி' என்ற சொற்களைக் கவனியுங்கள். சாக்கடை அள்ளுபவரும் செங்கல் சூளையில் மண் மிதிப்பவரும் மூட்டை தூக்குபவரும் மிதமாகவா உழைக்கிறார்கள்?

இங்கேதான் இரண்டு ஏணிகள் மோதுகின்றன. உடம்பின் ஏணியில், உழைப்பு கூடக் கூட சோறு கூட வேண்டும். சட்டத்தின் கூலி ஏணியோ திறனை வைத்துக் கட்டப்பட்டது. திறனற்றவர், பகுதித் திறனுள்ளவர், திறனுள்ளவர் என்று அது மேலே போகும். உடம்பை அதிகம் தேய்க்கும் வேலைகள் பெரும்பாலும் 'திறனற்ற வேலை' என்ற கடைசிப் படியில் கிடக்கின்றன. அதிகம் சோறு தேவைப்படும் உடம்புக்குக் குறைந்த கூலி. அந்தக் கடைசிப் படியில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்கியது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொன்னது இதைத்தான்.

அம்பேத்கர் வெறுமனே விளக்கிவிட்டுப் போகவில்லை. வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தபோதுதான், ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1946இல் அது சட்டமானது. அளவுகோல் ஒருமுறை நம் பக்கத்து ஆளின் கைக்கு வந்தபோது நடந்தது இது.

வயலில் கதை வேறு. தஞ்சை டெல்டாவில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளக்கும் மரக்கால் பண்ணையார் வீட்டில் இருந்தது. எங்கள் உழைப்புக்கு இவ்வளவு நெல் கூடுதலாக வேண்டும் என்று உழைத்தவர்களே சொன்னபோது என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது.

பெண்களின் கணக்கு இன்னும் மோசம். 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஒரே கூலி என்றது. ஏர் ஓட்டுவது கடினம், நாற்று நடுவது லேசு என்று சொல்லி ஆதிக்கசாதி நிலவுடைமையாளர்கள் அதிலிருந்து நழுவினார்கள். சேற்றில் கால் புதைய, பல மணி நேரம் இடுப்பு ஒடியக் குனிந்து நடுவது லேசா? அதே 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கடினமாக உழைக்கும் பெண்ணுக்கு 2,720 கலோரி தேவை. மிதமாக உழைக்கும் ஆணின் தேவையைவிட அது ஒரு பிடி கூடத்தான் இருக்கிறது.

இது பழங்கதை இல்லை. 2019இல் ஒன்றிய அரசின் நிபுணர் குழு, கூலிக் கணக்கில் 2,700 கலோரியை 2,400 ஆகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. நாட்டில் கடின உழைப்பு குறைந்துவருகிறதாம். சராசரியில் குறைந்திருக்கலாம். பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவரின் உடம்பில் என்ன குறைந்தது? மனிதரை மலம் அள்ள வைப்பதை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாவு நிற்கவில்லை. சாக்கடையில் சாகிறவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றும், 2023இல் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீடு நிர்ணயித்தது. அவர் செத்தால் என்ன விலை என்று நாடு கணக்குப் போட்டுவிட்டது. உயிரோடு இருக்கும்போது அவர் உடம்புக்கு என்ன வேண்டும் என்று தனியாகக் கணக்குப் போடவில்லை.

இதற்கு ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 6ஆவது பிரிவில், குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும்போது முதன்மையாகத் திறனையோ இடத்தையோ கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. வேலையின் கடுமையை, அதாவது தாங்க முடியாத வெப்பம், ஆபத்தான வேலை, நிலத்தடி வேலை போன்றவற்றை, கூடுதலாகக் கணக்கில் கொள்ளலாம் என்கிறது. திறனுக்கு 'வேண்டும்', உடம்புக்கு 'லாம்'. அந்த 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றும் போராட்டம் நம்முடையது.

அதற்குக் கையில் கணக்கு வேண்டும். களஆய்வுக்குப் போகும் மாணவத் தோழர்கள் தினக்கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எத்தனை கிலோ தூக்குகிறார்கள், எத்தனை மணி நேரம் குனிந்திருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீரும் போகக் கழிப்பறையும் இருக்கிறதா, காலையில் என்ன சாப்பிட்டு வந்தார்கள், எந்த வயதில் முதுகு விட்டுப்போனது என்று கேளுங்கள். உழைப்பவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். குறைந்தபட்சக் கூலி பற்றி அரசு கருத்துக் கேட்கும்போது அந்த ஏடுகளோடு போய் உட்காருவோம். மிதமான உழைப்புக்கான 2,700ஐ விட்டுத்தர மாட்டோம், கடின உழைப்புக்கு 3,470 எங்கே என்று எழுத்தில் கேட்போம்.