பழையதும் புதியதும் ஒரே அட்டைக்குள் வந்த கதை

கி.மு. 622. எருசலேம் தேவாலயத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். காணிக்கையாகச் சேர்ந்த பணத்தைக் கணக்குப் பார்த்து வரும்படி யூதாவின் அரசர் யோசியா தன் எழுத்தர் சாப்பானை அனுப்பினார். சாப்பான் கணக்கோடு திரும்பி வந்தார். கூடவே ஒரு சுருளையும் கொண்டு வந்தார். ஆலயத்தில் கிடைத்தது என்று தலைமை ஆசாரியர் இல்க்கியா கொடுத்த சுருள் அது. அரசர் முன்னால் சாப்பான் அதை வாசித்தார். கேட்டு முடித்த யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டார்.

சுருளில் இருந்தது நியாயப்பிரமாணம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்ட மக்களோடு சீனாய் மலையில் கடவுள் செய்துகொண்ட உடன்படிக்கை. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம். அந்த உடன்படிக்கை தொடக்கத்திலேயே ஒருமுறை உடைந்தது. மோசே கற்பலகைகளோடு மலையிலிருந்து இறங்குவதற்குள் மக்கள் பொன் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகைகள் மலையடிவாரத்தில் நொறுங்கின. இரண்டாவது ஜோடியைச் செதுக்க வேண்டியிருந்தது. அப்படி வந்த பிரமாணத்தைத்தான் ஒரு தேசமே பிறகு மறந்துபோயிருந்தது. யோசியா மக்களைக் கூட்டி அதை உரக்க வாசித்துக் காட்டினார். உடன்படிக்கையைப் புதுப்பித்தார், சிலைகளைத் தகர்த்தார். 13 ஆண்டுகள் கழித்து மெகிதோவில் எகிப்தியப் படையின் முன் அவர் வீழ்ந்தார். தொலைந்த பிரமாணம் கிடைத்துவிட்டது. அதைக் கைக்கொள்ளும் இருதயம் எங்கே கிடைக்கும்?

அந்தக் கேள்வியைச் சுமந்தவர் தீர்க்கதரிசி எரேமியா. யோசியாவின் மகன் யோயாக்கீம் அரசனாக இருந்தபோது, தான் கடவுளிடமிருந்து பெற்ற எச்சரிக்கைகளை அவர் சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாரூக்கு ஒரு சுருளில் எழுதினார். குளிர்காலம். அரண்மனையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சுருளை அரசன் முன்னால் வாசித்தார்கள். மூன்று நான்கு பத்திகள் முடிந்ததும் யோயாக்கீம் அந்தப் பகுதியைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். அடுத்த பத்திகளையும் அறுத்தான். எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சினார்கள். அவர்களில் ஒருவர் கெமரியா, எழுத்தர் சாப்பானின் மகன். தந்தை வாசித்த சுருளைக் கேட்டு ஓர் அரசர் உடையைக் கிழித்தார். மகனின் கண்முன்னே அந்த அரசரின் மகனோ சுருளையே கிழித்தான். கடைசித் துண்டுவரை சாம்பலாயிற்று.

எரேமியா இன்னொரு சுருள் வாங்கி மறுபடியும் சொல்லத் தொடங்கினார். முதல் சுருளில் இருந்ததைவிடக் கூடுதலாகவே அதில் எழுதப்பட்டது. அப்படி வளர்ந்த அவருடைய நூலுக்குள் அதுவரை எந்தத் தீர்க்கதரிசியும் சொல்லாத ஒரு வாக்குறுதி இருந்தது. கடவுள் புதிய உடன்படிக்கை ஒன்றைச் செய்வார். எகிப்திலிருந்து வந்த முன்னோர்களோடு செய்து, அவர்கள் மீறிய உடன்படிக்கையைப் போல அது இராது. பிரமாணத்தை இந்த முறை மனித இருதயத்திலேயே எழுதுவார், பாவங்களை இனி நினைக்கவே மாட்டார். கி.மு. 586-இல் பாபிலோனியர்கள் எருசலேமை எரித்தார்கள். ஆலயம் போயிற்று, அரசு போயிற்று. வாக்குறுதி மட்டும் காத்திருந்தது. யாருக்காக?

ஆலயம் மீண்டும் எழுந்தது. நூற்றாண்டுகள் பல கடந்தன. சாக்கடலோரத்துக் கும்ரானில் வாழ்ந்த ஒரு யூதச் சமூகம், எரேமியா சொன்ன புதிய உடன்படிக்கை தங்களுடையதே என்று நம்பியது. அவர்களிடம் புழங்கிய நூல் ஒன்றில் அந்தச் சொற்றொடரே இருக்கிறது. மோசேயின் பிரமாணத்தை முன்னைவிடக் கண்டிப்பாகக் கைக்கொள்வதுதான் புதுமை என்பது அவர்கள் புரிதல். ஏறத்தாழ கி.பி. 30-இல், அதே எருசலேமில் ஒரு பஸ்கா காலத்து இரவில், கலிலேயாவைச் சேர்ந்த ஒரு போதகர் தம் சீடர்களோடு கடைசி முறையாகப் பந்தியிருந்தார். திராட்சரசக் கிண்ணத்தை எடுத்து, அதுவே தம் இரத்தத்தினால் ஆகும் புதிய உடன்படிக்கை என்றார். மறுநாள் அவர் சிலுவையில் அறையப்பட்டார்.

பிரமாணத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்று போதித்தவர் இயேசு. நிறைவேறிவிட்ட பிரமாணத்தை இனி என்ன செய்வது என்று அவர் பட்டியல் போட்டு விட்டுப்போகவில்லை. சீரியாவின் அந்தியோகியாவில் கிரேக்கர்களும் சபையில் சேரத் தொடங்கியதும் பிரச்சினை வெடித்தது. விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் இரட்சிப்பு என்று யூதேயாவிலிருந்து வந்த சிலர் போதித்தார்கள். அங்கே போதித்துவந்த பவுலும் பர்னபாவும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூட்டம் கூடியது. நெடுநேரம் விவாதம் நடந்தது. நம் முன்னோர்களாலேயே சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்க வேண்டும் என்று இயேசுவின் சீடர் பேதுரு கேட்டார். இயேசுவின் சகோதரர் யாக்கோபு தீர்ப்பைச் சொன்னார்: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்டது, வேசித்தனம் ஆகியவற்றை விலக்கினால் போதும். கடிதம் அந்தியோகியாவுக்குப் போனது, சபை மகிழ்ந்தது. ஆனால் பிரச்சினை ஓயவில்லை.

அதே அந்தியோகியாவில், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பேதுரு பயந்து, யூதரல்லாதவர்களோடு உண்பதை நிறுத்திக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் தட்டிக்கேட்டார். அந்த மோதலை நினைவுகூர்ந்து கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிச்செல்லும் பணியாளரைப் போல நியாயப்பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவிடம் கொண்டுசேர்த்தது என்று விளக்கினார். பிள்ளை வளர்ந்த பிறகு அந்தக் கை தேவையில்லை. அதற்காக அந்தக் கை கெட்டது ஆகிவிடாது. ரோமருக்கு எழுதியபோது பிரமாணம் பரிசுத்தமானது என்றே சொன்னார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்திலோ, போகிற போக்கில் ஒரு புதிய பெயரைப் பயன்படுத்தினார். ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படும் மோசேயின் எழுத்துகளை அவர் ‘பழைய உடன்படிக்கை’ என்று குறிப்பிட்டார். அந்தப் பெயர் பின்னாளில் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தைக் கொளுத்தியது. பலிபீடம் இல்லை, ஆகவே பலியும் இல்லை. பிரமாணத்தின் பெரும் பகுதியை நிறைவேற்றும் இடமே மறைந்தது. இதற்குச் சற்று முன்போ பின்போ, பெயர் தெரியாத ஒருவர் எழுதிய எபிரெயர் நிருபம் எரேமியாவின் வாக்குறுதியை நீளமாக எடுத்துக்காட்டியது. புதியது என்று கடவுள் சொன்னதினாலேயே முதலாவது பழையதாகிவிட்டது என்று அது வாதிட்டது. பழையதாகிவிட்டது சரி, அப்படியானால் அதை வைத்திருப்பானேன்? இந்தக் கேள்வியோடு ஒரு பணக்காரர் ரோமுக்குக் கப்பலேறினார்.

அவர் பெயர் மார்சியன். கருங்கடல் துறைமுகமான சினோப்பேயைச் சேர்ந்த கப்பல் முதலாளி. கி.பி. 140 வாக்கில் ரோம சபையில் சேர்ந்து 2,00,000 செஸ்டர்ஸ் நன்கொடையாகக் கொடுத்தார். அவருடைய போதனை தெளிவானது, கேட்பவரைச் சுண்டி இழுப்பது. பிரமாணம் கொடுத்த படைப்பின் கடவுள் வேறு, இயேசு அறிமுகப்படுத்திய அன்பின் கடவுள் வேறு. முதலாமவர் தண்டிப்பவர், இரண்டாமவர் மன்னிப்பவர். ஆகவே யூத வேதம் முழுவதையும் சபை ஒதுக்கிவிட வேண்டும். மாற்றாக அவரே ஒரு தொகுப்பைக் கொடுத்தார்: லூக்கா நற்செய்தி ஒன்று, பவுலின் கடிதங்கள் பத்து. அவற்றிலும் பழைய வேதத்தை உயர்த்திப் பேசிய இடங்களை வெட்டியிருந்தார். 144-இல் ரோம சபை அவரையும் நிராகரித்தது, அவர் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அவரோ தனிச் சபைகளைத் தொடங்கினார். அவை பேரரசு முழுவதும் பரவின.

இப்போது மற்றச் சபைகள் பதில் சொல்லியாக வேண்டும். மார்சியனிடம் ஒரு பட்டியல் இருந்தது. இவர்களிடம் எதுவும் இல்லை. கி.பி. 170 வாக்கில், சர்தை நகரத்து ஆயர் மெலித்தோவிடம் ஒநேசிமு என்பவர், பழைய நூல்கள் எவை, எத்தனை, எந்த வரிசையில் என்று கேட்டார். மெலித்தோவுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. யூகித்துப் பதில் எழுத அவர் மனம் ஒப்பவில்லை. அந்த நிகழ்ச்சிகள் நடந்த கிழக்குத் தேசத்துக்கே பயணம் போனார், விசாரித்தார், பட்டியலோடு திரும்பினார். கிறிஸ்தவர் ஒருவர் தொகுத்து நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பட்டியல் அதுதான். ‘பழைய உடன்படிக்கையின் நூல்கள்’ என்று அவர் எழுதினார். பவுல் போட்ட பெயர் இப்போது ஒரு நூல்வரிசையின் பெயராகிவிட்டது. பழையது என்று ஒன்று இருந்தால் புதியது என்று ஒன்று இருந்தாக வேண்டுமே!

அதற்கான நியாயத்தைக் கட்டியெழுப்பியவர் லியோன் நகரத்து ஆயர் இரேனியு. கி.பி. 180 வாக்கில் அவர் எழுதிய ஐந்து புத்தகங்களின் சாரம் இது: உடன்படிக்கைகள் இரண்டு, கடவுள் ஒருவரே. பத்துக் கட்டளைகள் மனித இயல்பிலேயே பதிந்தவை. அவற்றை இயேசு நீக்கவில்லை, ஆழப்படுத்தினார். கொலையைத் தடுத்த கட்டளை இப்போது கோபத்தின் வேரைத் தொட்டது. பலிகள், சடங்குகள் போன்றவை ஒரு மக்களைப் பக்குவப்படுத்த ஒரு காலத்துக்குக் கொடுக்கப்பட்டவை. அந்தக் காலம் நிறைவடைந்தது. வாதம் வென்றது. ஆனால் அந்த நூல்கள் இன்னும் தனித்தனியாகவே கிடந்தன. அவற்றை மொத்தமாக அழித்துவிட ஒரு பேரரசன் முடிவு செய்தான்.

303-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் கிறிஸ்தவ வேத நூல்களை எரிக்க ஆணையிட்டான். வீரர்கள் வாசலில் நின்று கேட்கும்போது எந்த நூலைக் கொடுக்கலாம், எதை உயிர் போனாலும் கொடுக்கக் கூடாது என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. ஒப்படைத்தவர்கள் துரோகிகள் எனப்பட்டார்கள். காற்று திசைமாற முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 331 வாக்கில் பேரரசர் கான்ஸ்டன்டைன், தன் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக 50 வேதப் பிரதிகளைத் தயாரித்துத் தரும்படி செசரியாவின் ஆயர் யூசேபியுவுக்கு எழுதினார். பேரரசு எரிக்கச் சொன்னதைப் பேரரசே எழுதச் சொன்னது! சுருளின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. தாள்களை மடித்துத் தைத்த புத்தக வடிவத்தைக் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பிடித்திருந்தார்கள். அதில்தான் மோசேயும் பவுலும் ஒரே கட்டுக்குள் அடங்க இடமிருந்தது. அந்த நூற்றாண்டில் சினாயாட்டிக்கஸ் என்று இன்று அழைக்கப்படும் தோல் புத்தகம் உருவானது. 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு தம் ஈஸ்டர் கடிதத்தில் புதிய பகுதிக்கு 27 நூல்களைப் பெயர் சொல்லி எழுதினார். எல்லாம் முடிந்தது போலிருந்தது. அப்போது ஆப்பிரிக்காவில் ஓர் இளைஞர் அந்தப் பழைய பகுதியை வெறுத்து ஒதுக்கினார்.

அகஸ்டின் என்ற அந்த இளைஞர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மனிகேய மதத்தில் இருந்தார். மனிகேயர்களும் மார்சியனைப் போலவே மோசேயை மறுத்தவர்கள். மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டபோதுதான் பழைய வேதத்தின் ஆழம் அவருக்குப் பிடிபட்டது. 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் மனிகேய அறிஞர் பாவுஸ்துவின் கூர்மையான கேள்வியை எதிர்கொண்டார்: விருத்தசேதனம் செய்வதில்லை, ஓய்வுநாள் ஆசரிப்பதில்லை, பலியிடுவதில்லை, பிறகு அந்த நூல் எதற்கு? அகஸ்டின் 33 புத்தகங்களில் பதிலளித்தார். பிரமாணத்தில் சில கட்டளைகள் வாழ்வை நடத்துவதற்கு, சில கட்டளைகள் வரப்போகும் வாழ்வை அடையாளம் காட்டுவதற்கு. இச்சியாதிருப்பாயாக என்பது முதல் வகை. அதற்கு இன்றும் கீழ்ப்படிய வேண்டும். விருத்தசேதனம் இரண்டாம் வகை. அது சுட்டிக்காட்டியது வந்துவிட்டது. நிறைவேறிய தீர்க்கதரிசனத்தை யாரும் கிழித்துப் போடுவதில்லை, சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி எரிந்தும், வெட்டப்பட்டும், தப்பியும் உருவானதுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடிக்கணக்கான கைகளில் இருக்கும் பைபிள்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, ஒரே அட்டை. ஏற்பாடு என்பதும் உடன்படிக்கைதான். யூதர்களுக்கு அதன் முதல் பகுதி பழையது அல்ல, அதுவே முழு வேதம். அவர்கள் கையிலிருந்துதான் கிறிஸ்தவர்கள் அதைப் பெற்றார்கள்.

தமிழில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு முதலில் புதிய ஏற்பாட்டைத்தான் மொழிபெயர்த்தார். 1715-இல் அது அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபோது, 1719-இல் அவர் இறந்தார். வேலை அந்தரத்தில் நின்றது. புதியது கையில் இருக்கிறது, அதுவே போதும் என்று தரங்கம்பாடி மிஷன் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். அந்த மிஷனைச் சேர்ந்த பெஞ்சமின் ஷுல்ட்சே அந்தக் கையெழுத்துப் படிகளை எடுத்துத் தொடர்ந்தார். 1728-இல் பழைய ஏற்பாடும் தமிழில் முழுமையாயிற்று.

பைபிளில் ஏறத்தாழ முக்கால் பங்கு பழைய ஏற்பாடுதான். மார்சியன் வென்றிருந்தால் அந்த முக்கால் பங்கும் இல்லை. துக்க வீட்டில் வாசிக்கச் சங்கீதம் இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்துக் கட்டளை இல்லை, எரேமியாவின் வாக்குறுதியும் இல்லை. அது இல்லாவிட்டால் புதிய உடன்படிக்கை எதற்கு வந்தது என்பதே விளங்காது. கட்டளையிடும் கடவுளையும் மன்னிக்கும் கடவுளையும் இரண்டாகப் பிரித்துவிடுவது எளிது. முதல் நூற்றாண்டுகளின் சபை அந்த எளிய வழியை மறுத்தது. நீதி கேட்டவரே கிருபையும் கொடுத்தார் என்று பிடிவாதமாக நம்பியது. இரண்டு ஏற்பாடுகளையும் இன்றுவரை ஒன்றாகத் தைத்து வைத்திருப்பது அந்த நம்பிக்கைதான்.