உத்தரமும் உத்தமமும்

டில்லி ஆர்.கே.புரத்துக் குன்றின்மேல் 1973-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட முருகன் திருக்கோயிலை ஊரார் மலை மந்திர் என்கின்றனர். அதன் முறையான பெயர் உத்தர சுவாமிமலை. ‘உத்தர’ என்பதற்கு வடக்கு என்று நாம் பொருள் கொள்கிறோம். அது சரியே, எனினும் அதனினும் பழைய பொருள் ஒன்று அச்சொல்லுக்கு உண்டு. வடமொழியில் ‘உத்’ என்பது மேல். அதனோடு ‘தர’ சேர, ‘மேலும் உயர்ந்தது’ ஆயிற்று. ‘தம’ சேர, ‘எல்லாவற்றினும் உயர்ந்தது’, அதாவது உத்தமம் ஆயிற்று. நம் பிள்ளைகள் ‘ஹை, ஹையர், ஹையெஸ்ட்’ என்று உருப்போடும் ஆங்கிலப் பாடம், அவர்கள் படியேறித் தொழும் கோயிலின் பெயரிலேயே வேறு வடிவில் இருக்கிறது.

ஆங்கிலத்தின் ‘எஸ்ட்’ விகுதியும் வடமொழியின் ‘இஷ்ட’ விகுதியும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. நம்மவர் திருமண அழைப்பிதழ்களில் ஜேஷ்ட குமாரன், கனிஷ்ட குமாரி என்று அச்சிடுகிறார்களே, அங்கே நிற்பதும் அவ்விகுதியே!

பழைய ஆங்கிலம் ஒப்புமையைப் பெரும்பாலும் விகுதிகளாலேயே உணர்த்திற்று. ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்னும் தனிச்சொற்களை முன்னே நிறுத்தும் வழக்கம் இடைக்காலத்தில் பெருகியது. சில வேளைகளில் ஒரே சொல்லின்மீது இரண்டும் ஏறின. ஷேக்ஸ்பியரே ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் அவ்வாறு எழுதியிருக்கிறார். 1762-இல் ராபர்ட் லௌத் என்னும் பாதிரியார் தம் இலக்கண நூலில் இதனைப் பிழையென்று விலக்கினார். பள்ளிக்கூடங்களும் அவ்விதியையே கைக்கொண்டன. ஆதலால் வகுப்பில் ‘மோர் பெட்டர்’ என்று சொல்லித் தலைகுனியும் சிறுவன் திருந்த வேண்டியவனே. ஆனால் நகைக்கத்தக்கவன் அல்லன்.

அவன் ஏன் இடறுகிறான்? ‘அதைவிட இது நல்லது’ என்கிறோம். ‘நல்லது’ என்னும் சொல் சற்றும் மாறுவதில்லை. ஒப்பிடப்படும் பொருளின்மேல் வேற்றுமை உருபை ஏற்றி வேலையை முடித்துவிடுகிறோம். தொல்காப்பியர் இவ்வொப்பினை ஐந்தாம் வேற்றுமையில் அடக்கினார். 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும், திராவிட மொழிகள் இதற்கென விகுதி சேர்ப்பதில்லை என்று காட்டினார். இதனைக் குறையென்று எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. டில்லித் தெருவில் கேட்கும் இந்தியும் ‘உஸ்ஸே அச்சா’ என்று ஏறக்குறைய நம் வழியிலேதான் செல்கிறது. ஆகவே வீட்டிலும் வீதியிலும் மாறாதிருக்கும் சொல், பள்ளிக்குள் நுழைந்ததும் வால் முளைத்து நிற்கக் கண்டு அவன் மலைக்கிறான்.

அதே தெருவில் ‘பெஹ்தர்’ என்றும் ஒரு சொல் அவன் காதில் விழும். பாரசீகத்திலிருந்து வந்தது, பொருளும் ஒலியும் ‘பெட்டர்’ போன்றே இருக்கும். ஆயினும் அவ்விரண்டின் வேரும் வேறு வேறு. அதன் ஈற்றிலுள்ள ‘தர்’ மட்டும், குன்றின்மேல் நிற்கும் உத்தரத்தின் ‘தர’வுக்கு உடன்பிறப்பு.